ஒரே கிருமி, இரண்டு விலாசம்: ஆலிஸ் எவன்ஸும் பச்சைப்பாலும்

நம் வீடுகளில் பால் வந்ததும் அது அடுப்பில்தான் ஏறும். புது வீட்டுக்குப் போனால்கூடப் பால் பொங்கிய பிறகே குடிவந்ததாகக் கணக்கு. பாலைக் காய்ச்சக் கூடாது என்று படித்தவர்கள், அதிலும் டாக்டர்கள், வரிந்துகட்டி வாதாடிய காலம் ஒன்று உண்டு என்றால் நம்புவது கொஞ்சம் கடினம். அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. 1893-இல் நியூவார்க் நகரக் குழந்தை மருத்துவர் ஹென்றி காய்ட், டாக்டர்கள் குழுவே பண்ணையை மேற்பார்வையிட்டு 'சான்றளிக்கப்பட்ட பால்' விற்கும் முறையைத் தொடங்கினார். சுத்தமான தொழுவம், ஆரோக்கியமான மாடு, கழுவிய கை. இவை இருந்தால் பாலைச் சூடாக்கி அதன் சத்தைக் கெடுப்பானேன் என்பது அந்தத் தரப்பின் கேள்வி. பாலைக் கொதிக்கவிடாமல் குறிப்பிட்ட சூட்டில் சற்று நேரம் வைத்துக் கிருமியைக் கொல்லும் பாஸ்டரைசேஷன் என்பது அழுக்குப் பாலை விற்கச் சோம்பேறிப் பால்காரன் தேடிய குறுக்கு வழி என்றும் சொன்னார்கள். அதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அன்றைக்குத் தெரிந்தவரை அது நியாயமான பேச்சுதான்.

அந்தப் பேச்சில் ஓட்டை விழ, நோயே தெரியாத மாட்டின் சுத்தமான பாலிலும் ஆளைப் படுக்கவைக்கும் கிருமி இருக்கலாம் என்று யாராவது காட்டவேண்டியிருந்தது. காட்டியவர் அமெரிக்கப் பாக்டீரியாவியலாளர் ஆலிஸ் கேத்தரின் எவன்ஸ். அவர் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்ட இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

முதலாவது மால்டாவில் இருந்தது. மத்தியதரைக் கடலின் அந்தச் சின்னத் தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் மாதக்கணக்கில் காய்ச்சலில் கிடந்தார்கள். ஏறும், இறங்கும், நின்றுவிட்டது என்று நினைக்கும்போது திரும்ப வரும். இரவில் படுக்கை நனையும் வியர்வை, மூட்டுவலி, இடுப்புவலி, காரணம் சொல்லத் தெரியாத சோர்வு. இறந்த சிப்பாய்களின் மண்ணீரலிலிருந்து ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து 1887-இல் அறிவித்தார். உருண்டையாகத் தெரிந்ததால் அதற்கு 'மைக்ரோகாக்கஸ் மெலிடென்சிஸ்' என்று பெயர். எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் பல ஆண்டுகள் பிடிபடவில்லை. 1905-இல் மால்டாக்காரரான தெமிஸ்டோக்ளிஸ் சமிட், துள்ளித் திரியும் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தபோது விடை கிடைத்தது. மால்டாவில் ஆட்டை வீட்டுக்கு வீடு ஓட்டிவந்து வாசலிலேயே கறந்து கொடுப்பார்கள். நம் ஊரிலும் மாட்டைத் தெருவில் கட்டிக் கண்ணெதிரே கறந்து கொடுத்த பால்காரர்கள் இருந்தார்கள். கண்ணெதிரே கறந்தது, தண்ணீர் கலக்காதது, ஆகவே நல்ல பால் என்ற நம்பிக்கை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நாம் அதைக் காய்ச்சினோம், அவர்கள் அப்படியே குடித்தார்கள். 1906-இல் படைவீரர்களின் உணவிலிருந்து ஆட்டுப்பாலை எடுத்ததும் முகாம்களில் நோய் மளமளவென்று குறைந்தது.

அதே 1905-இல் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் கால்நடைப் பிரிவு மால்டாவிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட ஆடுகளை வாங்கிக் கப்பலில் ஏற்றியது. வழியில் அந்தப் பாலைக் குடித்த கப்பல்காரர்களைக் காய்ச்சல் பிடித்தது. ஆடுகள் அமெரிக்காவில் தனிமைப்படுத்தப்பட்டு, கடைசியில் அழிக்கப்பட்டன. ஆட்டுப்பாலில் என்ன வரும் என்று அந்தத் துறைக்கு அடிபட்டே தெரிந்திருந்தது. மாட்டுப்பால் என்று வந்தபோது அந்தப் பாடம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது, டென்மார்க்கில். பசுக்கள் சினையாகி ஐந்து, ஆறு, ஏழு மாதத்தில் கன்று வீசிவிடும், அதாவது கரு கலைந்துவிடும். ஒரு மாடு வீசினால் தொழுவமே வீசும். 1897-இல் கால்நடை மருத்துவர் பெர்னார்ட் பாங் அதற்கான கிருமியைக் கண்டார். கோல்போலத் தெரிந்ததால் அது 'பேசில்லஸ் அபார்ட்டஸ்' ஆனது. 1911-இல் அமெரிக்காவில் ஷ்ரோடரும் காட்டனும் எந்த நோயும் இல்லாததுபோல் தோன்றும் பசுக்களின் பாலிலும் அது சுரப்பதைக் காட்டினார்கள். மாட்டுக்கு வரும் வியாதி, மனிதனுக்கு ஒன்றுமில்லை என்று அத்தோடு விட்டுவிட்டார்கள்.

ஒன்று உருண்டை, மற்றது கோல். ஒன்று ஆட்டுடையது, மற்றது மாட்டுடையது. ஒன்றை டாக்டர் படித்தார், மற்றதைக் கால்நடை மருத்துவர் படித்தார். பெயரே வேறு பேரினத்தில் இருக்கும்போது இரண்டையும் ஒரே மேசையில் வைக்க யாருக்கு என்ன அவசியம்? உண்மையில் இது உருண்டையும் இல்லை, சரியான கோலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் குட்டையாக இருக்கும் ஒன்று. பார்த்தவர் கண்ணுக்கு எது பட்டதோ அதைப் பெயரில் எழுதிவிட்டார். இருபது ஆண்டுக் குழப்பத்துக்கு அது போதுமாக இருந்தது.

எவன்ஸ் 1881 ஜனவரி 29 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் நீத் என்ற கிராமத்தில், வேல்ஸ் வம்சாவளிப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தார். மேலே படிக்கக் கையில் பணமில்லாமல் நான்கு ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தினார். கிராமத்து ஆசிரியர்களுக்காகக் கார்னெல் பல்கலைக்கழகம் இலவசமாக நடத்திய இயற்கைப் பாட வகுப்புக்குப் போனவர், அங்கேயே தங்கி 1909-இல் பாக்டீரியாவியலில் இளநிலைப் பட்டம் வாங்கினார். அடுத்த ஆண்டு விஸ்கான்சினில் முதுநிலை. முனைவர் பட்டத்துக்குப் படிக்கச் சொல்லி ஆசிரியர்கள் தூண்டியும் அவர் வேலைக்குப் போனார். வேளாண்மைத் துறையின் பால்பண்ணைப் பிரிவில் மூன்று ஆண்டுகள் விஸ்கான்சினில், 1913 முதல் வாஷிங்டனில். நிரந்தரப் பணியில் ஒரு பெண் விஞ்ஞானி வருகிறார் என்ற செய்தி கேட்டு அதிகாரிகள் நாற்காலியிலிருந்து விழாத குறைதான் என்று அங்கிருந்த சுருக்கெழுத்தர் ஒருவர் பிற்பாடு சொன்னாராம்.

கறந்த சூட்டில் இருக்கும் பாலில் என்னென்ன பாக்டீரியா இருக்கின்றன என்று பார்ப்பது அவருக்குக் கொடுத்த வேலை. பாலிலிருந்து வந்த அபார்ட்டஸ் கிருமியை மால்டாக் கிருமியோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று மூத்த அதிகாரி ஒருவர் யோசனை சொன்னார். எவன்ஸ் ஒப்பிட்டார். வளர்க்கும் ஊடகத்தில் இரண்டும் ஒன்றுபோல வளர்ந்தன. கினிப் பன்றிகளில் இரண்டும் ஒன்றுபோல நோய் உண்டாக்கின. தீர்மானமான சாட்சி இவற்றிலிருந்து வரவில்லை, ரத்த சீரத்திலிருந்து வந்தது. இங்கே சற்று நின்று பார்க்கலாம். எவன்ஸின் முழு வாழ்க்கையும் இந்த ஒரு சோதனையைச் சுற்றித்தான் ஓடியது.

ஒரு கிருமி உடலுக்குள் புகுந்தால், அதற்கென்றே உடல் எதிர்ப்பொருள்களைச் செய்கிறது. ரத்தத்தை உறையவிட்டு மேலே தெளியும் சீரத்தில் அவை மிதக்கும். அந்தச் சீரத்தில் அதே கிருமிகளை விட்டால், எதிர்ப்பொருள்கள் அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும். கலங்கிய திரவம், திரிந்த பால்போலத் துகள் துகளாகத் திரண்டு அடியில் படியும். டைபாய்டுக்கு நம் ஊர் லேபில் எடுக்கும் விடால் டெஸ்ட் இதே வித்தைதான். மால்டாக் காய்ச்சலுக்கு இதை 1897-லேயே ஆம்ரோத் ரைட் பயன்படுத்தினார். எவன்ஸ் மாற்றிப் போட்டுப் பார்த்தார். மால்டாக் கிருமிக்கு எதிராக உண்டான சீரத்தில் மாட்டுக் கிருமியை விட்டார், திரண்டது. மாட்டுக் கிருமியின் சீரத்தில் மால்டாக் கிருமியை விட்டார், அதுவும் திரண்டது. சாதாரணத் திரட்சிச் சோதனையால் இரண்டையும் பிரித்துச் சொல்லவே முடியவில்லை. மனிதக் கண் இருபது ஆண்டுகளாகப் பார்க்காத உறவை விலங்கின் ரத்தம் உடனே அடையாளம் கண்டுகொண்டது.

1917 இறுதியில் அமெரிக்கப் பாக்டீரியாவியலாளர் சங்கக் கூட்டத்தில் இதைப் படித்தார். கட்டுரை 1918-இல் அச்சானது. முடிவுரையில் ஒரு கேள்வியையும் வைத்திருந்தார்: இரண்டும் இவ்வளவு நெருக்கம் என்றால், பச்சைப்பால் குடிப்பவர்களுக்கு மாட்டிலிருந்தும் இந்தக் காய்ச்சல் வரவேண்டுமே? அரங்கம் நம்பவில்லை. உண்மையாக இருந்தால் வேறு யாராவது இதற்குள் கண்டுபிடித்திருக்க மாட்டார்களா என்பது எதிர்ப்பின் சாரம். முனைவர் பட்டம் இல்லாத, 36 வயதுப் பெண் என்பதும் அந்த 'வேறு யாராவது' என்ற சொல்லுக்குள் அடக்கம்.

எதிர்த்தவர்களில் தலையாயவர் தியபால்ட் ஸ்மித். அவரை வில்லனாக்கிக் கதை சொல்வது சுலபம், நான் அதற்கு உடன்பட மாட்டேன். அமெரிக்க நுண்ணுயிரியலின் பெரிய மனிதர் அவர். மாட்டு உண்ணி வழியாக டெக்சாஸ் காய்ச்சல் பரவுவதை 1893-இல் நிறுவிய இருவரில் ஒருவர். அதைவிட முக்கியமாக, மாட்டுக் காசநோய்க் கிருமியும் மனிதக் காசநோய்க் கிருமியும் ஒன்றல்ல, வேறு வேறு என்று 1898-இல் பிரித்துக் காட்டியவர். ஒன்றுபோலத் தெரிவதை இரண்டாகப் பிரித்துப் பேர் வாங்கிய மனிதரிடம், இரண்டாகத் தெரிவது ஒன்றுதான் என்று ஒருவர் வந்து சொல்கிறார். அவருடைய கேள்வி வலுவானதும்கூட. அபார்ட்டஸ் கிருமி பாலில் தாராளமாக இருப்பதை அவரே பார்த்தவர். இத்தனை லட்சம் பேர் அந்தப் பாலைக் குடிக்கிறார்களே, நோயாளிகள் எங்கே?

நோயாளிகள் இருந்தார்கள். மலேரியா, டைபாய்டு, காசநோய், வாதம் என்று வேறு வேறு பெயர்களில் படுத்திருந்தார்கள். அமெரிக்காவில் மால்டாக் காய்ச்சல் இல்லை என்று நம்பிய டாக்டர் அதற்கான சோதனையை எழுதமாட்டார். சோதனை எழுதாதவரை நோயும் இல்லை.

1920-இல் கலிபோர்னியாவில் கார்ல் மேயரும் அவருடன் பணியாற்றிய ஷாவும் இந்த வேலையைத் திரும்பச் செய்து எவன்ஸ் சொன்னது சரி என்றார்கள். இரண்டுக்கும் சேர்த்து 'புருசெல்லா' என்ற பேரினத்தையும் முன்மொழிந்தார்கள். புரூஸின் நினைவாக வைத்த பெயர். மால்டாவில் ஆட்டைக் காட்டிய சமிட்டுக்கும் அதில் இடமில்லை, வாஷிங்டனில் முடிச்சைப் போட்ட எவன்ஸுக்கும் இல்லை.

அதற்குள் எவன்ஸ் வேலை மாறியிருந்தார். 1918-இல் பொதுச் சுகாதாரச் சேவையின் சுகாதார ஆய்வகத்துக்குப் போனார். பின்னாளில் தேசிய சுகாதார நிறுவனமாக வளர்ந்தது இந்த ஆய்வகம்தான். போர்க்கால ராணுவ முகாம்களில் மூளைக்காய்ச்சல் பரவிய நேரம் அது. அன்று அதற்குக் குதிரையிலிருந்து எடுத்த எதிர்ச்சீரம் மட்டுமே மருந்து. கிருமியின் வகைக்குச் சீரம் பொருந்தாவிட்டால் ஊசி வீண். எந்த வகைக்கு எந்தச் சீரம் என்று பார்த்து அதை மேம்படுத்தும் வேலையில் எவன்ஸ் சீர நுட்பத்தில் இன்னும் கூர்மையானார். 1922-இல் புருசெல்லாவுக்குத் திரும்பியபோது அந்தக் கூர்மை கைகொடுத்தது. ஒரு சீரத்தை முதலில் ஒரு கிருமியோடு கலந்து, அது பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள்களை உறிஞ்சி அகற்றிவிட்டு, மிச்சத்தில் மற்றக் கிருமியைத் திரட்ட ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது உறிஞ்சல் சோதனை. அதைக்கொண்டு மனிதர், மாடு, ஆடு, பன்றி, குதிரை ஆகியவற்றிலிருந்து கிடைத்த கிருமிகளை 1923-இல் வகைப்படுத்தினார். ஒன்று என்று நிறுவியவரே அந்த ஒன்றுக்குள் இருக்கும் உட்பிரிவுகளையும் காட்டினார். இந்த ஒன்றா பலவா என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. 1985-இல் டிஎன்ஏ ஒப்பீட்டை வைத்து எல்லாம் ஒரே இனம் என்றார்கள். பிறகு நடைமுறை வசதிக்காகப் பழையபடி தனித்தனி இனப்பெயர்களுக்கே திரும்பிவிட்டார்கள்.

தேட ஆரம்பித்ததும் நோயாளிகள் அகப்பட்டார்கள். 1924-இல் பால்டிமோரில், மாட்டு வகைக் கிருமியால் காய்ச்சல் கண்ட மனிதர் பற்றிய அறிக்கை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாநிலம் மாநிலமாக வரிசை கட்டி வந்தன. பால்பண்ணைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பாஸ்டரைசேஷன் இயந்திரம் செய்யும் கம்பெனிகளோடு எவன்ஸ் கைகோத்திருக்கிறார் என்று பேச்சைக் கிளப்பினார்கள்.

இதற்கிடையே 1922 அக்டோபரில் எவன்ஸே படுத்துவிட்டார். பாலைக் குடித்து வந்ததல்ல, ஆய்வகத்தில் கையாண்ட கிருமியிலிருந்து தொற்றியது. புருசெல்லா காற்றில் சிறு திவலையாகக் கலந்தாலே மூச்சில் ஏறிவிடும். ஆய்வகத் தொற்றுகளில் இன்றும் முன்வரிசையில் நிற்பது இதுதான். 2019-இல் சீனாவின் லான்ஜோவில் கால்நடைத் தடுப்பூசி ஆலை ஒன்றின் கழிவுக் காற்றைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாததால் சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோரின் ரத்தத்தில் இதன் தடயம் வந்தது. எவன்ஸுக்குக் காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. டாக்டர்கள் அவருக்குக் கொடுத்த பெயர் நரம்புத் தளர்ச்சி. அதாவது உடம்பில் ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை. இந்த நோய் டாக்டர்களின் கண்ணுக்குத் தப்புகிறது என்று உலகத்துக்குச் சொன்ன பெண்ணின் உடம்பிலேயே அது தப்பியது.

எப்படித் தப்புகிறது என்பதற்கு நோயெதிர்ப்பியல் இன்று விடை சொல்கிறது. கிருமியை விழுங்கிக் கரைப்பது பெருவிழுங்கிச் செல்களின் வேலை. புருசெல்லா தன்னை விழுங்கவிட்டு, பின் அந்தச் செல்லின் செரிப்புப் பை தன்னோடு இணையாதபடி தடுத்து, உள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள்கள் அங்கே எட்டுவதில்லை. நாள்பட்ட நோயில் திரட்சிச் சோதனைகூடச் சில சமயம் ஒன்றுமில்லை என்று காட்டிவிடும். ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்தெடுப்பதும் சுலபமல்ல. சோதனைகள் எல்லாம் சும்மா இருக்க, ஆள் மட்டும் வாடிக்கொண்டிருப்பார். 1928-இல் வேறொரு காரணத்துக்காக எவன்ஸுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது, உள்ளே இருந்த புண்களிலிருந்து கிருமி வளர்ந்து வந்தது. நரம்புத் தளர்ச்சி அன்றோடு முடிந்தது, காய்ச்சல் முடியவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேல் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. அதே 1928-இல்தான் முன்பு அவரை நம்பாத அதே பாக்டீரியாவியலாளர் சங்கம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.

1934-இல் நாள்பட்ட புருசெல்லோசிஸ், அதாவது புருசெல்லாவால் வரும் இந்த நோய், பற்றி எழுதியபோது, மனப்பிரமை என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் பக்கம் நின்று எழுதினார். வேலை போனவர்கள், வீட்டாரே நம்பாதவர்கள், சோம்பேறி என்று பேர் வாங்கியவர்கள். அவருடைய எழுத்துகளில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தப் பகுதிதான். பொதுச் சுகாதாரம் என்றால் எண்ணிக்கை என்று நினைக்கிறோம். எண்ணிக்கைக்குள் வராமல் போனவர்கள் யார் என்று கேட்டவர் அவர்.

எவன்ஸால்தான் அமெரிக்கப் பால் காய்ச்சப்பட்டது என்று சுருக்கமாக எழுதுகிறவர்கள் உண்டு. அது மிகை. சிகாகோ நகரம் 1908-லேயே பாஸ்டரைசேஷனைக் கட்டாயமாக்க முயன்றது, காசநோயையும் டைபாய்டையும் மனத்தில் வைத்து. மாநிலம் முழுவதற்குமான சட்டம் முதன்முதலாக மிச்சிகனில் 1947-இல்தான் வந்தது. எவன்ஸ் செய்தது வேறு. நல்ல பண்ணை, கெட்ட பண்ணை என்ற வேறுபாட்டின் காலை வாரிவிட்டார். மாடு கொழுகொழுவென்று இருக்கலாம், தொழுவம் கண்ணாடியாக இருக்கலாம், மடியில் கிருமி இருக்கலாம். சான்றளிக்கப்பட்ட பாலின் வாதத்துக்கு அதற்குப் பிறகு நிற்க இடமில்லை. ஏறத்தாழ 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்தால் புருசெல்லா செத்துவிடும், சத்து பற்றிய பயத்தோடு எடைபோட வேண்டிய படிக்கல் அது.

பாலைக் காய்ச்சினால் குடிப்பவர் தப்பினார், கறப்பவர்? 1920களின் இறுதியில் ஐயோவாவில் ஆல்பர்ட் ஹார்டி நோயாளிகளைத் துருவியபோது, பண்ணையாட்களும் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுமே பெரும்பங்கு என்று தெரிந்தது. வெட்டுக்காயம் வழியாக, பன்றி இறைச்சி வழியாக, வீசிய கன்றைத் தொட்ட கை வழியாக. அதற்கு மாட்டையே சரிசெய்ய வேண்டும். 1934-இல் அமெரிக்க அரசு மந்தைகளைச் சோதித்து, நோயுள்ளவற்றை அகற்றும் திட்டத்தைத் தொடங்கியது. தடுப்பூசி தற்செயலாக வந்தது. எவன்ஸின் பழைய துறையிலேயே ஜான் பக் என்பவர் 1923-இல் ஒரு ஜெர்சிப் பசுவின் பாலிலிருந்து எடுத்த கிருமியை அறைச் சூட்டிலேயே ஓராண்டுக்கும் மேல் விட்டுவைத்தார். எடுத்துப் பார்த்தால் அதன் வீரியம் குறைந்திருந்தது, எதிர்ப்பு உண்டாக்கும் திறன் போகவில்லை. அதுதான் எஸ்19. அமெரிக்காவில் 1947-இல் 6,300க்கு மேல் பதிவான மனித நோயாளிகள் எண்ணிக்கை இன்று ஆண்டுக்கு 100, 200 என்ற அளவில் நிற்கிறது. பாலும் மாடும் சேர்ந்து குறைத்த கணக்கு அது.

அந்த எஸ்19 இன்னும் ஓய்வுபெறவில்லை. இந்தியாவில் 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரியோடு இந்தக் கன்றுவீச்சு நோயும் சேர்க்கப்பட்டு, 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே முறை போடப்படுகிறது. காளைக் கன்றுக்குப் போடக்கூடாது, விதையைத் தாக்கிவிடும். உயிருள்ள கிருமி என்பதால், போடுபவர் கையில் ஊசி குத்திவிட்டால் அவருக்கே காய்ச்சல் வரும். மனிதருக்கான தடுப்பூசி இன்றுவரை பரவலான பயன்பாட்டில் இல்லை. நாம் பாலைக் காய்ச்சுவதால் நமக்குக் கவலையில்லை என்று நினைப்பவர்கள், நம் கிராமங்களில் கன்று ஈனத் தடுமாறும் மாட்டுக்குள் வெறுங்கையை விடுபவரையும், வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் அப்படியே வாரி எறிபவரையும் நினைத்துப் பார்க்கலாம். அவருக்கு மூன்று வாரம் காய்ச்சல் விடவில்லை என்றால், வீட்டில் மாடு இருக்கிறதா என்று டாக்டர் கேட்டாலே பாதி வைத்தியம் முடிந்தது. மிச்சப் பாதி ஆறு வாரத்துக்குக் குறையாமல் இரண்டு மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிடுவது.

எவன்ஸ் 1930-இல் பாரிஸில் நடந்த முதல் சர்வதேச நுண்ணுயிரியல் மாநாட்டுக்கு அமெரிக்கப் பிரதிநிதிகளில் ஒருவராகப் போனார். பிற்காலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை ஆராய்ந்தார், 1945-இல் ஓய்வு பெற்றார். வாங்காமல் விட்ட முனைவர் பட்டத்துக்கு ஈடாகக் கௌரவ டாக்டர் பட்டங்கள் வந்தன. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு 1966-இல் விண்ணப்பம் கொடுத்தபோது அவருக்கு வயது 85. விண்ணப்பதாரர் கம்யூனிஸ்ட் அமைப்பு எதிலும் இல்லை என்று உறுதிகூற வேண்டிய ஒரு பகுதி அந்தப் படிவத்தில் இருந்தது. எவன்ஸ் கம்யூனிஸ்ட் அல்ல. ஆனால் ஒருவர் என்ன நினைக்கிறார் என்பது காப்பீட்டு அலுவலகத்துக்கு எதற்கு என்று வழக்குக்குப் போனார். 1967 ஜனவரியில், அந்த விதி அரசியல் சட்டத்துக்குப் புறம்பானது என்று நீதித் துறையே ஒப்புக்கொண்டது.